திறந்த தொடர்பை மூடுவது யார் பொறுப்பு?

சித்தூரிலிருந்து மொகிலி கணவாயின் மேலேறிப் பெங்களூர் நோக்கிச் செல்லும் சாலையில் பலமனேர் அமைந்துள்ளது. தெலுங்கும் தமிழும் கன்னடமும் ஒரே கடைத்தெருவில் ஒலிக்கும் ஊர் அது. தக்காளியும் பாலும் மாம்பழமும் இவ்வட்டாரத்தின் முக்கியச் செல்வங்கள். ஆனி மாதம் பிறந்துவிட்டால் சித்தூர் மாவட்டத்துப் பழக்கூழ் ஆலைகள் இரவும் பகலும் இயங்கும். தோதாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் ஆலை வாயில்களில் வரிசையாகக் காத்து நிற்கும். இப்பகுதிக்கு வந்து சேரும் ஆற்றுநீரும் இன்று யந்திரங்களின் உதவியால் வருவதேயாகும். ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்துக் கிருஷ்ணா நீரைப் படிப்படியாக மேலேற்றிக் கொணரும் ஹந்திரி–நீவா திட்டத்தின் குப்பம் கிளைக் கால்வாய் வழியே, 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அந்நீர் குப்பம் பகுதியை அடைந்தது.

பழக்கூழ் ஆலை, பால் குளிரூட்டும் நிலையம், நீரேற்று நிலையம் ஆகியவற்றில் இக்காலத்தில் பெரும்பாலும் சுவரோரமாக ஓர் இரும்புப் பேழை இருக்கக் காணலாம். அதனுள் புத்தக அளவுள்ள கருவியொன்று அமைந்திருக்கும். ஆலையின் மோட்டார்களும் வால்வுகளும் அதன் கட்டளைப்படியே இயங்குகின்றன. பொறியியலாளரும் தொழிலாளரும் அதனைப் பி.எல்.சி. என்றே அழைக்கின்றனர். இக்கட்டுரையில் அதனைக் கட்டுப்படுத்தி என்று குறிப்பிடுவோம்.

இக்கட்டுப்படுத்தியுடன் கணினி மூலம் தொடர்பு கொண்டு அதனைச் சோதிப்பதும் திருத்துவதும் முன்னர் மனிதரின் பணியாக இருந்தன. இப்பொழுது அப்பணியைத் தானே இயங்கும் மென்பொருளிடம் ஒப்படைக்கும் வழக்கம் பரவி வருகிறது. இவ்வழக்கம் நன்றா, தீதா? நன்று எனின் எந்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு நன்று? இவ்வினாவை நான் ஒரு பொறியியலாளனாக எழுப்பவில்லை. பிறர் எழுதிய தொழில்நுட்ப நூல்களையும் அறிக்கைகளையும் தமிழாக்குவதே என் தொழில். அத்தொழிலின் வழியே எனக்கு நேர்ந்த ஓர் அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

கட்டுப்படுத்தி என்பது யாது?

முற்காலத்தில் ஆலை யந்திரங்களின் செயல்வரிசையை ரிலே எனப்படும் மின்காந்தச் சாவிகளைக் கொண்டு அமைத்து வந்தனர். ஒரு மோட்டார் ஓடிய பின்னரே மற்றொன்று ஓட வேண்டும் என்னும் சிறு விதிக்கும் தனித்தனியே கம்பி இணைக்க வேண்டும். விதியை மாற்ற நேர்ந்தால் கம்பிகளையெல்லாம் பிரித்து மீண்டும் இணைக்க வேண்டும். கார் உற்பத்திச் சாலைகளில் ஆண்டுதோறும் புதிய மாதிரிகள் வந்தமையால் இது பெருஞ்செலவாக முடிந்தது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் டிக் மார்லி என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் இதற்கு மாற்று ஒன்றைக் கண்டனர். கம்பிக்குப் பதிலாக நிரலை எழுதி, அதனை நினைவகத்தில் வைத்து இயக்கும் கருவியே அது. அவர்கள் எடுத்துக்கொண்ட 84ஆவது பணியாதலால் அதற்கு மோடிகான் 084 என்று பெயர் அமைந்தது.

இன்றைய கட்டுப்படுத்தியும் அடிப்படையில் அதே முறையில்தான் வேலை செய்கிறது. முதலில் உணரிகள் தரும் செய்திகளைப் படிக்கிறது. அடுத்து நிரலின்படி முடிவு செய்கிறது. பின்னர் அம்முடிவை வால்வுகளுக்கும் மோட்டார்களுக்கும் அனுப்புகிறது. இச்சுற்று சில மில்லிசெக்கண்டுகளில் முடிந்து மீண்டும் தொடங்கும். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் ஓய்வின்றிச் சுழலும் கட்டுப்படுத்திகள் பல உள்ளன. அது சோர்வடைவதில்லை; ஐயுறுவதுமில்லை. தனக்குக் கிடைத்த செய்தி மெய்யா பொய்யா என்று நிரலில் எழுதப்படாதவரை அது வினவுவதும் இல்லை.

நேர்தொடர்பும் அதன் மூன்று செயல்களும்

இயங்கிக்கொண்டிருக்கும் கட்டுப்படுத்தியுடன் பொறியியலாளர் தம் மடிக்கணினியை இணைத்துப் பணி செய்யும் காலத்தைத் தொழிலில் 'ஆன்லைன்' போதல் என்பர். நான் அதனை 'நேர்தொடர்பு' என்று மொழிபெயர்த்து வருகிறேன். இத்தொடர்பின்போது மூன்று வகைச் செயல்கள் நிகழலாம்.

முதலாவது, பார்த்தல். எந்த வால்வு திறந்துள்ளது, எந்த அளவு எவ்வளவு என்று கண்டறிவதோடு இது நிற்கும். இரண்டாவது, மாற்றுதல். நிரலையோ அதிலுள்ள அளவுகளையோ திருத்திக் கட்டுப்படுத்திக்குள் ஏற்றுவது இவ்வகை. மூன்றாவது, வலிந்தேற்றுதல். உணரி உண்மையில் என்ன கூறினாலும், குறித்த ஓர் அளவையே கட்டுப்படுத்தி ஏற்குமாறு செய்வது இது. பழுதான உணரியைச் சோதிக்கும் வேளையில் இது பயன்படும். தொழிலில் இதற்கு 'ஃபோர்ஸ்' என்று பெயர்.

மூன்றாவது செயலில் ஒரு நுட்பம் அடங்கியுள்ளது. வழக்கிலுள்ள பல கட்டுப்படுத்திகளில், வலிந்தேற்றிய அளவு நேர்தொடர்பு முடிந்த பின்னரும் நீங்குவதில்லை. மடிக்கணினியை மூடி எடுத்துக்கொண்டு பொறியியலாளர் ஊருக்குத் திரும்பினாலும், அவர் ஏற்றிய அளவு உள்ளேயே தங்கிவிடும். அதனை வேண்டுமென்றே நீக்கினாலன்றிப் போகாது. கருவியின் முகப்பில் ஒரு சிறு மஞ்சள் விளக்கு எரிவது மட்டுமே பல கருவிகளில் அதற்கு அடையாளம். தொடர்பை முறித்தல் வேறு, செய்ததை மீட்டல் வேறு. 'ஆஃப்லைன்' போதல் என்ற சொல்லைக் கேட்பவர் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கின்றனர். அச்சொல்லைத் தமிழாக்கும்போது நானும் பல ஆண்டுகள் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

மென்பொருள் ஏன் வந்தது?

ஓர் ஆலையில் ஒரு கட்டுப்படுத்தி இருந்த காலம் போய்விட்டது. பெரிய நிலையங்களில் பல பத்துக் கணக்கில் அவை உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் திறந்து, உள்ளே இருக்கும் நிரல் அலுவலகத்தில் வைத்துள்ள நிரலோடு பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்பது இயலாத காரியம். ஆகவே உற்பத்தியாளரே இதற்கு வழி செய்துள்ளனர். சீமென்ஸ் நிறுவனத்தின் டியா போர்ட்டல் என்னும் மென்பொருளுக்கு 'ஓப்பன்னெஸ்' என்னும் வாயில் உண்டு. அவ்வாயில் வழியே மற்றொரு நிரல் நுழைந்து, மனிதர் விசைப்பலகையில் செய்யும் வேலைகளைத் தானே செய்ய இயலும். திட்டக் கோப்பைத் திறத்தல், கட்டுப்படுத்தியுடன் தொடர்பு கொள்ளுதல், ஒப்பிடுதல், நிரலை ஏற்றுதல், தொடர்பை முறித்தல் ஆகிய யாவும் இவ்வாறு நிகழலாம். கோடெசிஸ் என்னும் மென்பொருளும் பைத்தான் மொழியில் எழுதிய கட்டளைகளால் இத்தகைய பணிகளைச் செய்ய இடந்தருகிறது.

இதன் பயனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. இரவு இரண்டு மணிக்கு முப்பது கட்டுப்படுத்திகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, எவரேனும் அனுமதியின்றி நிரலை மாற்றியுள்ளனரா என்று கண்டறிந்து, விடியற்காலையில் அறிக்கை தரும் மென்பொருள் ஒரு நல்ல காவற்காரன். மனிதர் ஒரு வரியை மறந்துவிடலாம், அது மறக்காது. இத்தகைய கருவியே வேண்டாம் என்று கூறுவோரின் கட்சியை நான் சேர்ந்தவன் அல்லேன்.

ஆயினும் இதில் கருத வேண்டியவை இரண்டு உள. ஒன்று, தொடர்பின் நிலை பற்றியது. ஓப்பன்னெஸ் முறையில் தொடர்பு என்பது திறந்தது, மூடியது என்னும் இரண்டே நிலைகளை உடையதன்று. தொடர்பின்மை, தொடர்பு கொண்டுவரும் நிலை, தொடர்பு கொண்ட நிலை, பொருந்தாமை, எட்ட முடியாமை, காப்பிடப்பட்டிருத்தல், தொடர்பை முறித்துவரும் நிலை என ஏழு நிலைகள் அதில் உண்டு. நிரல் எழுதுவோர் பலரும் நல்ல நிலை ஒன்றை மட்டுமே கருத்தில் கொண்டு எழுதுகின்றனர். நடுவே கேபிள் அறுந்தாலோ மின்சாரம் நின்றாலோ என்ன செய்வது என்பதை எழுதாமல் விட்டுவிடுகின்றனர். அந்நேரத்தில் தொடர்பு பாதியில் நின்றுவிடும். திட்டக் கோப்பு பிறர் திறக்க முடியாதபடி பூட்டிக் கிடக்கும்.

மற்றொன்று, இதனினும் முக்கியமானது. மனிதர் ஒரு நிரலைக் கட்டுப்படுத்திக்குள் ஏற்ற முற்படும்போது, 'கட்டுப்படுத்தியை நிறுத்தலாமா?' என்பது போன்ற வினாக்கள் திரையில் தோன்றும். ஏற்றி முடிந்தபின், 'மீண்டும் இயக்கலாமா?' என்று மற்றொரு வினா வரும். தானியங்கு முறையில் இவ்வினாக்களுக்கு விடையளிப்பதும் நிரலே. ஆறு மாதங்களுக்கு முன், வேறோர் ஊரில், ஒரு மேசையில் அமர்ந்து ஒருவர் எழுதிய வரி, 'ஆம், நிறுத்துக' என்று இன்று விடை கூறுகிறது. வினா எழுந்த வேளையில் வால்வின் அருகே ஒருவர் கையை வைத்துக்கொண்டிருக்கிறாரா என்பதை அவ்வரி அறியாது. அவ்வினா எதற்காக வைக்கப்பட்டதோ அப்பயன் இவ்வாறு இழக்கப்படுகிறது.

ஓர் ஆலையில் நடந்தது

சில ஆண்டுகளுக்கு முன் ஆனி மாதத்தில் விடுமுறையில் பலமனேருக்குச் சென்றிருந்தேன். எங்கள் தெருவில் வாழும் முதிய தொழிலாளி ஒருவர் ஒரு பழக்கூழ் ஆலையில் நெடுங்காலம் பணியாற்றி வந்தார். ஒரு மாலை அவர் ஆங்கிலத்தில் அச்சிட்ட இரண்டு தாள்களோடு என் வீட்டுக்கு வந்தார். "தம்பி, இதில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லுங்கள்" என்றார்.

நடந்தது இதுவாகும். கூழைச் சூடாக்கும் பகுதியில், வெப்பம் குறித்த அளவுக்குக் குறைந்தால் கூழ் முன்னே செல்லாமல் திருப்பிவிடப்பட வேண்டும் என்பது விதி. அன்று காலை கட்டுப்படுத்தியின் திரை, வெப்பம் சரியாக உள்ளதென்று காட்டிற்று. ஆனால் குழாயின் மேல் பழைய முள் வெப்பமானி ஒன்று இருந்தது. அதன் முள் மிகவும் கீழே நின்றதை அவர் கண்டார். இரண்டில் எதனை நம்புவது? அவர் முள்ளை நம்பி யந்திரத்தை நிறுத்திவிட்டார். மேற்பார்வையாளர் உடனே மடிக்கணினியைக் கொண்டுவந்து உள்ளே பார்க்க முயன்றார். திட்டக் கோப்பு வேறொருவர் உபயோகத்தில் உள்ளது என்ற செய்தியே வந்தது. இரவில் ஒப்பிட வந்த மென்பொருள் பாதியில் நின்றுபோய்க் கோப்பைப் பூட்டியபடியே விட்டிருந்தது. நகரத்திலிருந்த பொறியியலாளரைத் தொலைபேசியில் பிடித்துப் பூட்டை நீக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அதுவரை வாயிலில் விவசாயிகளின் டிராக்டர்கள் வெயிலில் நின்றன. குழாய்களில் இருந்த கூழ் கொட்டப்பட்டது.

மென்பொருள் விடியற்காலையில் தந்திருந்த அறிக்கையில், அப்பகுதிக் கட்டுப்படுத்தியின் நிரலில் வேறுபாடு ஏதும் இல்லை என்று எழுதியிருந்தது. அவ்வறிக்கை பொய்யன்று. நிரலில் வேறுபாடு இல்லைதான். ஆனால் இரண்டு நாட்களுக்கு முன் உணரியைச் சோதித்தவர் ஒருவர் வெப்ப அளவை வலிந்தேற்றிவிட்டு, நீக்காமலே தொடர்பை முறித்திருந்தார். ஒப்பிடும் மென்பொருளுக்கு நிரலைப் பார்க்குமாறே கட்டளை. வலிந்தேற்றிய அளவுகளைப் பார்க்குமாறு எவரும் எழுதவில்லை. மஞ்சள் விளக்கு இரண்டு நாட்களும் எரிந்துகொண்டே இருந்தது. அதன் பொருளைப் பேழையின் அருகே நின்றோருக்கு எவரும் கூறியிருக்கவில்லை. விளக்கக் கையேடு ஆங்கிலத்தில், அலுவலக அலமாரியில் இருந்தது.

என்னிடம் கொணர்ந்த தாள்களில் ஒன்று மேற்படி அறிக்கை. மற்றொன்று, தொழிலாளி தக்க காரணமின்றி யந்திரத்தை நிறுத்தினார் என்னும் வாக்குமூலம். வலிந்தேற்றிய அளவு பின்னர் கண்டுபிடிக்கப்பட்டு நீக்கப்பட்ட செய்தி அதில் இல்லை. நான் இரண்டையும் தமிழில் படித்துக் காட்டினேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உள்ளே போனவர் யார், எப்போது வெளியே வந்தார் என்று இதில் எழுதியிருக்கிறதா தம்பி?" என்று கேட்டார். நான் மீண்டும் தேடிப் பார்த்தேன். எழுதியிருக்கவில்லை.

உலகம் கற்ற பாடங்கள்

இதனை ஒரு சிற்றூர் ஆலையின் சிறு கவனக்குறைவு என்று ஒதுக்கிவிடலாகாது. இதே வினா உலகின் பெரிய நிலையங்களிலும் எழுந்துள்ளது.

ஆஸ்திரேலியாவின் மரூச்சி வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், கழிவுநீர் நிலையங்களின் அமைப்பை நிறுவும் பணியில் முன்பு இருந்த ஒருவர், வானொலி அலை மூலம் பலமுறை அவ்வமைப்புக்குள் நுழைந்து தவறான கட்டளைகளை அனுப்பினார். சுமார் 8 லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. ஆரம்பத்தில் அங்கிருந்தோர் அதனைக் கருவிக் கோளாறு என்றே கருதினர். உள்ளே நுழைந்தவர் யார் என்னும் பதிவு இல்லாதவிடத்துக் குற்றமும் கோளாறும் ஒன்றுபோலவே தோன்றும்.

2010ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்துக் கட்டுப்படுத்திகளைக் குறிவைத்தது. பொறியியலாளரின் மென்பொருளுக்கும் கட்டுப்படுத்திக்கும் இடையே அது புகுந்துகொண்டது. கட்டுப்படுத்திக்குள் தான் எழுதியவற்றைப் பொறியியலாளரின் கண்ணுக்குக் காட்டாமல் மறைத்தது. அத்தீநிரல் தொற்றிய கணினிகள் மிகுதியாக இருந்த நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேஷியா ஆகியவற்றை அடுத்து இந்தியாவும் இடம்பெற்றது. திரையில் தோன்றுவதைத் திரையைக் கொண்டே சரிபார்த்தல் போதாது என்பதே இதன் பாடம். பலமனேர் ஆலையின் முள் வெப்பமானி இப்பாடத்தைத் தன்னளவில் கற்பித்தது.

2017ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவின் பெட்ரோ ரசாயன ஆலையொன்றில், விபத்தைத் தடுப்பதற்கென்றே வைத்திருந்த டிரைகானெக்ஸ் கட்டுப்படுத்திகளுக்குள் டிரைட்டன் என்னும் தீநிரல் புகுந்தது. அக்கருவியின் முகப்பில் ஒரு சாவி உண்டு. 'ரன்' என்னும் நிலையில் சாவியை வைத்தால் நிரலை எவரும் மாற்ற இயலாது. 'புரோகிராம்' என்னும் நிலையில் வைத்தால் மாற்றலாம். மாற்றும் நிலையிலேயே சாவி விடப்பட்டிருந்தது. நற்பயனாக, கட்டுப்படுத்திகள் ஐயுற்று ஆலையைப் பாதுகாப்பாக நிறுத்திவிட்டன. இல்லையேல் உயிர்ச்சேதம் விளைந்திருக்கக் கூடும். பல கோடி பெறுமான பாதுகாப்பு அமைப்பின் வலிமை, ஒரு சாவியைத் திருப்பி வைப்பதைப் பொறுத்திருந்தது.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து அலிக்விப்பா என்னும் ஊரின் குடிநீர் அமைப்பில், ஒரு நீரேற்று நிலையத்தின் யூனிட்ரானிக்ஸ் கட்டுப்படுத்தி அயலாரால் கைப்பற்றப்பட்டது. ஊழியர்கள் உடனே கைமுறைக்கு மாறியதால் நீர் விநியோகம் தடைபடவில்லை. இவ்வகைக் கருவிகள் பல, உற்பத்தியாளர் இட்ட '1111' என்னும் கடவுச்சொல் மாற்றப்படாமலே இணையத்தில் திறந்து கிடந்ததாக அந்நாட்டு அரசாங்கத்தின் எச்சரிக்கை கூறிற்று.

நம் நாட்டுக்கும் அனுபவம் உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையில் இருந்த ஒரு கணினியில் தீநிரல் கண்டறியப்பட்டதை இந்திய அணுமின் கழகம் 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒப்புக்கொண்டது. யந்திரங்களை இயக்கும் அமைப்பு அவ்வலையினின்று பிரித்து வைக்கப்பட்டிருந்தமையால் அதற்குப் பாதிப்பில்லை என்றும் அறிவித்தது. இந்தப் பிரிவினையை ஒவ்வொரு சிறு ஆலையும் தன் அளவில் பின்பற்றலாம்.

வேண்டிய நெறிகள்

மேற்கூறியவற்றை எண்ணிப் பார்க்கையில், தானியங்கு மென்பொருளை ஏற்றுக்கொண்டு அதற்குச் சில நெறிகளை வகுத்தலே தக்கது என்பது என் கருத்து.

முதலாவதாக, ஒவ்வொரு நேர்தொடர்புக்கும் பெயரும் நேரமும் காரணமும் இருத்தல் வேண்டும். மென்பொருளே நுழைந்தாலும், அதனை அனுப்பிய மனிதரின் பெயர் பதிவாக வேண்டும். கணினிப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பாகிய செர்ட்-இன் 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் தேதி வெளியிட்ட கட்டளைகளின்படி, கணினி அமைப்புகளின் பதிவேடுகளை 180 நாட்களுக்குக் காத்து வைத்தல் வேண்டும். தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் மீதான தாக்குதல்களும் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கத்தக்கவற்றின் பட்டியலில் அடங்கியுள்ளன. பதிவே இல்லாத ஆலை எதனைக் காத்து வைக்கும், எதனைத் தெரிவிக்கும்?

இரண்டாவதாக, பார்க்கும் உரிமையும் மாற்றும் உரிமையும் தனித்தனியே இருத்தல் வேண்டும். இரவில் ஒப்பிட வரும் மென்பொருளுக்குப் பார்க்கும் உரிமை மட்டுமே போதுமானது. மாற்றும் சாவி ஆலையில் நிற்பவரிடம் இருக்கட்டும்.

மூன்றாவதாக, நிறுத்துதல், இயக்குதல் ஆகியவை பற்றிய வினாக்களுக்கு நிரல் முன்கூட்டியே விடை கூறலாகாது. அங்கே மென்பொருள் நின்று காத்திருக்க வேண்டும். யந்திரத்தின் அருகே உள்ளவர் பார்த்துச் சம்மதம் தெரிவித்த பின்னரே அது மேலே செல்லலாம்.

நான்காவதாக, திறக்கும் கட்டளையை எழுதும் வேளையிலேயே மூடும் கட்டளையையும் எழுதிவிட வேண்டும். வேலை வெற்றியாக முடிந்தாலும், பாதியில் முறிந்தாலும், மூடும் பகுதி தவறாது நிகழுமாறு அமைக்க நிரல் மொழிகளில் வழி உண்டு. மூடியாயிற்றா என்பதைக் கட்டளையின் மீது நம்பிக்கை வைத்து விட்டுவிடாமல், நிலையை மீண்டும் வினவி உறுதி செய்தல் வேண்டும். கணினியே நின்றுபோனால் எவ்வளவு நன்றாக எழுதிய மூடும் பகுதியும் நிகழாது. ஆதலின் நீடித்துக் கிடக்கும் தொடர்பைக் காலவரம்பு கடந்ததும் முறிக்கும் ஏற்பாடும், ஆலையிலேயே ஒருவருக்குப் பூட்டை நீக்கும் அதிகாரமும் தேவை.

ஐந்தாவதாக, தொடர்பை முறிக்குமுன் வலிந்தேற்றிய அளவுகளின் பட்டியலைப் படித்து, அது வெறுமையாக இருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெறுமையாக இல்லையெனில், எது, ஏன், எந்நேரம் வரை என்பதைப் பேழையின் கதவில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும்.

ஆறாவதாக, அவ்வட்டை அங்கு வேலை செய்வோரின் மொழியில் இருக்க வேண்டும். பலமனேரில் அது தெலுங்கிலும் தமிழிலும் அமையட்டும். ஓசூரில் தமிழிலும் கன்னடத்திலும் அமையட்டும். மஞ்சள் விளக்கின் பொருளை ஒரே வரியில் எழுதி ஒட்டுவதற்கு ஆகும் செலவு ஒரு கூடை பழத்தின் விலையும் ஆகாது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

இந்நெறிகள் வேலையைத் தாமதப்படுத்தும் என்று சிலர் கூறுவர். அவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பருவ காலத்தில் ஆலை நின்றால் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டமே. தொலைவிலிருந்து உடனே திருத்தும் வசதி இல்லையெனில், நகரத்துப் பொறியியலாளர் கணவாய் ஏறி வரும்வரை காத்திருக்க நேரும். ஆனால் நான் தொலைத்தொடர்பைத் தடுக்கச் சொல்லவில்லை. சம்மதம் கேட்கச் சொல்கிறேன். ஒரு தொலைபேசி அழைப்புக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிடம். நான் கண்ட ஆலையில், பூட்டிக் கிடந்த கோப்பைத் திறக்க ஆன நேரம் அதனினும் பன்மடங்கு. வேகத்துக்காக விட்டுவிட்ட ஒழுங்கு, வேகத்தையே கெடுத்தது.

மனிதரும் தவறு செய்கின்றனரே, மென்பொருளை மட்டும் கடிந்துகொள்வானேன் என்று வினவுவோரும் உளர். மெய்யே, வலிந்தேற்றிய அளவை நீக்க மறந்தவர் மனிதரே. ஆனால் மனிதர் மறந்ததை மென்பொருள் 'வேறுபாடு இல்லை' என்று அச்சிட்டுச் சான்றளித்தது. அச்சிட்ட சான்றின் எதிரே முள் வெப்பமானியைக் கண்ட தொழிலாளியின் சொல் எடுபடவில்லை. தவறு நேர்வதைக் காட்டிலும், தவறு இல்லை என்ற தாள் பிறர் கையில் இருப்பதே அவருக்குப் பெரிய இடராயிற்று. ஆகவே அறிக்கை எழுதும் மென்பொருள், தான் எதனைப் பார்த்தது என்பதோடு எதனைப் பார்க்கவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

ஆசிரியர்களும் களப்பணியாளரும்

தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் கட்டுப்படுத்தியைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் நிரல் எழுதி விளக்கை எரியச் செய்தவுடன் மதிப்பெண் அளித்துவிடுகிறோம். அதனோடு நில்லாமல், நேர்தொடர்பில் இருக்கும்போதே கேபிளைப் பிடுங்கிக் காட்டுங்கள். கட்டுப்படுத்தி தன் வேலையை நிறுத்தாமல் செய்துகொண்டிருப்பதை மாணவர் காண்பர். பின்னர் ஓர் உள்ளீட்டை வலிந்தேற்றிவிட்டுத் தொடர்பை முறிக்கச் சொல்லுங்கள். சாவியை எத்தனை முறை அழுத்தினாலும் விளக்கு மாறாததைக் கண்டு அவர்கள் வியப்பர். ஆயிரம் சொற்களால் விளக்க முடியாததை அந்த ஒரு விளக்கு விளக்கிவிடும். தேர்வில், தொடர்பைத் திறந்ததற்கு எத்தனை மதிப்பெண்ணோ, முறையாக மூடிப் பதிவு செய்ததற்கும் அத்தனை மதிப்பெண் வழங்குங்கள்.

நீரேற்று நிலையங்களையும் பால் நிலையங்களையும் பார்வையிடும் களப்பணியாளர்கள் பொறியியல் அறிந்திருக்க வேண்டியதில்லை. நான்கு செய்திகளைக் கவனித்தால் போதும். கட்டுப்படுத்தியில் சாவி இருப்பின் அது எந்நிலையில் உள்ளது? மஞ்சள் விளக்கு எரிகிறதா, எரிந்தால் காரணம் எழுதப்பட்டுள்ளதா? திரை காட்டும் அளவைச் சரிபார்க்கத் தனியே ஒரு மானி உள்ளதா? உள்ளே சென்றவர், வெளியே வந்தவர் பற்றிய குறிப்பேடு பேழையின் அருகே தொங்குகிறதா? இந்நான்கையும் பார்வைக் குறிப்பில் எழுதுங்கள். எழுதப்படும் என்று தெரிந்தால், கவனிக்கப்படும்.

அன்று அம்முதியவர் வாக்குமூலத்தில் கையெழுத்திடவில்லை. மறுநாள் நான் எழுதிக் கொடுத்த ஒரு வரியை எடுத்துக்கொண்டு ஆலைக்குச் சென்றார். 'கட்டுப்படுத்திக்குள் சென்றவர் பெயரும், வெளியே வந்த நேரமும் பதிவில் இல்லை' என்பதே அவ்வரி. அதனையும், வலிந்தேற்றிய அளவு நீக்கப்பட்ட செய்தியையும் வாக்குமூலத்தில் சேர்த்த பின்னரே அவர் கையொப்பமிட்டார். அவருடைய கூலி பிடிக்கப்படவில்லை. அடுத்த பருவத்தில் நான் ஊருக்குச் சென்றபோது, பேழையின் கதவில் ஒரு குறிப்பேடு தொங்குவதாகவும், அதில் தேதி, பெயர், நுழைந்த நேரம், வெளிவந்த நேரம் என நான்கு பத்திகள் இருப்பதாகவும் கூறினார். நான்காவது பத்தி சில நாட்களில் வெறுமையாகவே இருக்கிறது என்றும், அப்போதெல்லாம் தாமே தொலைபேசியில் அழைத்துக் கேட்பதாகவும் சொன்னார்.